காற்று ஊதிய உலை

வைகாசி கழியும் வேளையில் இலங்கைத் தீவின் வானிலையில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. தென்மேற்குத் திசையிலிருந்து பெருங்காற்று எழுந்து வீசத் தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்தார் அதனைச் சோளகம் என்பர். மலைகளைக் கடந்து தம்பால் வந்து வெம்மை வீசும் மேல்காற்றை மட்டக்களப்பார் கச்சான் என்பர். கொழும்பிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் அக்காற்று மழையாய்ப் பொழிகின்றது. பிற இடங்களில் உழவன் அதன் துணைகொண்டு நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குகின்றான். கடலோடி அதன் போக்கறிந்து பாய் விரிக்கின்றான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் பழமொழி இவ்வாறு காற்றோடு ஒட்டி வாழ்ந்த மக்களிடையே பிறந்தது.

ஆயினும் இக்காற்றுக்குப் பண்டு வேறொரு தொழிலும் இருந்தது. சப்பிரகமுவ மாகாணத்தில், பலாங்கொடைக்கு அண்மையில், மலைநாடு தாழ்ந்து தெற்குச் சமவெளியை நோக்கி இறங்கும் இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்காற்றே கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்தது. துருத்தி ஊத ஆளில்லை, மிதிக்கத் தோலில்லை. குன்றின் உச்சியில் மேற்கு நோக்கி அமைந்த மண்ணுலையைக் காற்றுத் தானே ஊதிற்று. அவ்வுலையிலிருந்து வெறும் இரும்பு மட்டுமன்றி உயர்ந்த உருக்கும் வெளிவந்தது. இச்செய்தி 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை உலகுக்குத் தெரியாதிருந்தது. அது தெரியவந்த வரலாறு கேட்டற்குரியது.

அவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு, கல்லிலிருந்து உலோகம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதை முதலில் ஒருவாறு அறிந்துகொள்ளல் வேண்டும்.

உலோகங்களுள் பொன் பெரும்பாலும் தன் இயல்பான வடிவிலேயே கிடைக்கின்றது. ஆற்று மணலை அரித்துப் பொற்றுகளை எடுப்பவன் பொன்னை ஆக்குவதில்லை, பொறுக்கியே எடுக்கின்றான். செம்பு, ஈயம், வெள்ளீயம், நாகம், இரும்பு முதலிய ஏனையவற்றின் நிலை வேறு. அவை பெரும்பாலும் ஒட்சிசனோடோ கந்தகத்தோடோ கூடி, உலோகத்துக்குரிய ஒளியையும் ஒலியையும் இழந்து, வெறுங்கல்லாக மண்ணிற் கிடக்கின்றன. அத்தகைய கல்லையே தாதுக்கல் என்பர்.

இரும்பின் தாதுக்கல் எத்தகையது என்பதை அறிய மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. மாரி முழுவதும் முற்றத்தில் நனைந்து கிடந்த பழைய மண்வெட்டியை நோக்கினாற் போதும். அதன்மேற் படர்ந்த செந்நிறத் துரு, இரும்பும் ஒட்சிசனும் நீரும் சேர்ந்த கூட்டுப்பொருளாகும். பலாங்கொடைப் பகுதியின் இரும்புக்கல்லும் ஏறக்குறைய அத்தகைய கூட்டேயாம். இரும்பு துருவாவதற்கு எவர் முயற்சியும் வேண்டாம். மழையும் காற்றும் அதனைச் செய்துவிடும். துருவை மீண்டும் இரும்பாக்குவதற்கோ மனிதனுடைய அறிவு முழுவதும் வேண்டும். உலோகத் தொழிலின் வரலாறு, இயற்கையின் போக்குக்கு எதிராக மனிதன் ஏறிய ஏற்றத்தின் வரலாறே எனலாம்.

இரும்பைப் பற்றி நிற்கும் ஒட்சிசனை விலக்குவது எவ்வாறு? ஒட்சிசன்பால் மிக்க நாட்டமுடைய வேறொரு பொருளை அதனோடு சேர்த்துச் சூடேற்றுவதே வழி. பண்டை மக்கள் கண்ட அப்பொருள் மரக்கரி. உலையில் எரியும் கரி, காபனோரொட்சைட்டு என்னும் வாயுவைத் தருகின்றது. அவ்வாயு, சிவக்கக் காய்ந்த தாதுக்கல்லின் நுண்துளைகளிற் புகுந்து, அங்குள்ள ஒட்சிசனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வெளியேறுகின்றது. பின்னே எஞ்சுவது இரும்பு. எனவே உலையில் இடும் கரி வெப்பம் தரும் விறகு மட்டுமன்று. கல்லின் கட்டை அவிழ்க்கும் மருந்துமாகும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. உலைக்குக் காற்று வேண்டும். காற்றின்றேல் கரி எரியாது. ஆனால் அளவுக்கு மிஞ்சிக் காற்றுப் புகுந்தால், பிரிந்துவந்த இரும்பையே அது மீண்டும் பற்றித் துருவாக்கிவிடும். குறைந்தாலோ வெப்பம் போதாது. உலை ஊதுபவனுடைய திறமை எல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதில் அடங்கியிருக்கின்றது.

செம்புக்கும் இரும்புக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகும். ஆதலால் மண்ணுலையில் அது நீராய் ஓடி அடியிற் தங்கும். இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வேண்டும். பண்டைய கரியுலைகள் இரும்பு முழுவதையும் அவ்வளவு சூட்டுக்குக் கொண்டு செல்லவில்லை. அவற்றில் இரும்பு உருகாமலே, கடற்பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த கட்டியாகத் திரண்டது. கல்லிலிருந்த மணற்பாங்கான அழுக்குகள் 1,200 பாகைக்குக் கிட்டிய சூட்டில் உருகிக் கிட்டமாக வழிந்தன. பின்னர் இரும்புக் கட்டியைச் செந்தணலாக இருக்கும்போதே சம்மட்டியால் அடித்து, உள்ளே சிக்கிய கிட்டத்தைப் பிதுக்கி எடுத்தனர். செம்பை மனிதன் முன்னரும் இரும்பைப் பின்னரும் கைக்கொண்டமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும். அலுமினியமோ ஒட்சிசனை இன்னும் இறுகப் பற்றுவது. கரியுலைக்கு அது வசப்படவில்லை. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோல் என்பவரும் பிரான்சில் ஹெரூ என்பவரும் மின்னோட்டத்தின் துணையால் அதனை மலிவாகப் பிரிக்கும் வழியைத் தனித்தனியே கண்டனர். உலோகம் ஒட்சிசனை எவ்வளவு இறுகப் பற்றியதோ, அவ்வளவு காலந்தாழ்த்தியே அது மனிதனுக்கு எளிதாகக் கிடைத்தது.

கரியுலைக்குக் காற்று ஊட்டுவதற்கு உலகின் பெரும்பகுதியில் துருத்தியே கருவியாயிற்று. இலங்கையைப் பற்றி எழுதியோரும் துருத்தியையே கண்டனர். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து மீண்ட ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் சிங்கள மக்கள் இரும்பு எடுத்த முறையை விவரித்துள்ளார். கல்லைத் தீயிற் சுட்டு, சிறு துண்டுகளாக நொறுக்கி, கரியோடு உலையிலிட்டு, தோல் கட்டிய இரு துருத்திகளை ஒருவன் மாறிமாறிக் காலால் மிதிக்க, அக்காற்றால் இரும்பு விளைந்தது என்பது அவர் தந்த செய்தி. படை மருத்துவராக இங்கு வந்த யோன் டேவி என்பவரும் 1821ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இத்தொழிலைக் குறித்து எழுதினார். மின்னோட்டத்தால் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் பிரித்தெடுத்துப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் உடன்பிறந்தார் இவர்.

இவர்களுக்குப் பின் இத்துறையில் நின்று நோக்கியவர் ஆனந்த குமாரசுவாமி. கலாயோகி என்று பின்னாளில் உலகம் போற்றிய அவர், முதலில் மண்ணையும் கல்லையும் ஆராய்ந்த விஞ்ஞானியாவார். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக 1877ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்த அவர், இங்கிலாந்திற் கல்வி கற்று மீண்டு, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். கனியங்களைத் தேடி ஊரூராகச் சென்ற காலத்தில், பலாங்கொடைப் பகுதியில் இரும்புருக்கும் தொழிலை அறிந்திருந்த இறுதித் தலைமுறையினரைக் கண்டார். அவர்களுடைய உலையையும் துருத்தியையும் கருவிகளையும் அளந்து எழுதினார். 1908ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அச்செய்திகள் இடம்பெற்றன. சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் அளித்த அதே மதிப்பை இரும்பு உருக்குவோனுக்கும் அவர் அளித்தமை நோக்கத்தக்கது.

இவ்வாறு மூவர் எழுதிய குறிப்புகளிலும் துருத்தியே காணப்பட்டது. ஆகையால் இலங்கையின் பழைய இரும்புத் தொழில் என்றால் சிற்றுலையும் துருத்தியுமே என்று அறிஞர் கருதியதில் வியப்பில்லை. அதற்கு அப்பால் வேறொன்று இருந்திருக்கலாம் என்பதற்குச் சான்று எவர் கையிலும் இருக்கவில்லை.

சான்று தற்செயலாகவே கிடைத்தது. வளவை கங்கையையும் அதனோடு கூடும் பெலிகுல் ஓயாவையும் மறித்துச் சமனலவெவ என்னும் நீர்த்தேக்கத்தைக் கட்டி மின்சாரம் பெறும் திட்டம் 1980களில் தொடங்கிற்று. அணை எழுந்தால் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கும். மூழ்குமுன் அங்குள்ள பழம்பொருள்களைப் பதிவு செய்தல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் 1988ஆம் ஆண்டில் தொல்லியல் ஆய்வொன்று நடைபெற்றது. அதனை நடத்தியவர் கில் ஜுலெவ் என்னும் பிரித்தானியத் தொல்லியலாளர். அவரோடு இலங்கைத் தொல்லியலாளரும் ஊர் மக்களும் உழைத்தனர்.

ஆய்வாளர் அங்கே பாழடைந்த கோயிலையோ அரண்மனையையோ காணவில்லை. அவர்கள் கண்டது கிட்டம். கருநிறமாய், கண்ணாடிபோல் மினுங்கும் கட்டிகளாய், குன்றுகளின் சரிவுகளில் குவியல் குவியலாக அது கிடந்தது. இரும்பு எங்கே எடுக்கப்பட்டதோ அங்கே கிட்டம் எஞ்சும். இரும்பு துருப்பிடித்து மறையலாம்; உலை மழையிற் கரையலாம்; கிட்டம் அழியாது. கிட்டக் குவியலோடு சுட்ட மண்சுவர்த் துண்டுகளும் களிமண் ஊதுகுழல்களின் உடைவுகளும் கலந்து கிடந்தன. தேடத் தேட உலைக்களங்கள் பெருகின. ஒரே வகையைச் சேர்ந்த 77 களங்கள் கணக்கில் வந்தன. கரியின் வயதைக் கதிர்வீச்சுக் காபன் முறையால் அளந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை எனத் தெரிந்தது. அனுராதபுர அரசு நிலவிய இறுதி நூற்றாண்டுகள் அவை.

இக்களங்கள் யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று இருந்தது. துருத்தி மிதிப்பவன் காற்றுக்கும் மழைக்கும் ஒதுக்கான இடத்தையே நாடுவான். இங்கோ உலைகள், ஒதுக்கு சிறிதுமில்லாத குன்றுமுடிகளிலும் மேட்டு விளிம்புகளிலும் அமைந்திருந்தன. அனைத்தும் மேற்கையே நோக்கியிருந்தன. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைச் சொரிந்துவிட்ட தென்மேற்குப் பருவக்காற்று, ஆனி முதல் ஆவணி வரை, மழையின்றி வலிய காற்றாக வந்து மோதும் இடங்கள் அவை. ஓர் உலை மேற்கு நோக்கியிருந்தால் அது தற்செயல் எனலாம். எழுபதுக்கு மேற்பட்ட உலைகள் மேற்கையே நோக்கின் அதனை எவ்வாறு தற்செயல் என்பது?

உலையின் வடிவமும் புதுமையாகவே இருந்தது. பிற நாடுகளில் அறியப்பட்ட பழைய உலைகள் பெரும்பாலும் வட்டமாகவும் உயரமாகவும் அமைந்தவை. சமனலவெவ உலையோ தாழ்ந்தது; இருபுறமும் நீண்டது. மேட்டு நிலத்தின் விளிம்பில், வில்லைப்போல் வளைந்த பின்சுவர் நிலையாக இருந்தது. வில்லின் நாண்போல் நேராக நின்ற முன்சுவர், ஒவ்வொரு முறையும் புதிதாகக் களிமண்ணால் எழுப்பப்பட்டது. அம்முன்சுவரின் அடியில் ஊதுகுழல்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. இரும்பு விளைந்தபின் முன்சுவரை உடைத்துக் கட்டியை வெளியே இழுத்தனர். குவியல்களிற் கிடந்த சுவர்த் துண்டுகள் அவ்வாறு உடைக்கப்பட்டவையே.

காற்று நேரே குழல்களுட் புகுந்து உலையை மூட்டியது என்று சொல்லிவிடல் எளிது. ஆனால் அறிந்தோர் அதனை ஏற்கத் தயங்கினர். காற்று ஒருகால் சீறும்; ஒருகால் அடங்கும். இரும்புலைக்கோ பல மணிநேரம் இடையறாது ஒழுங்கான காற்று வேண்டும். காற்றை நம்பிய உலை திறமற்றதாகவே இருக்கும். நல்ல இரும்பு அதில் விளையாது என்பதே பொதுவாக நிலவிய கருத்து. அவ்வாறாயின் நானூறு ஆண்டுக் காலம் மக்கள் ஏன் அத்தகைய உலைகளையே மீண்டும் மீண்டும் கட்டினர்? இக்கேள்விக்கு ஏட்டில் விடை இல்லை. உலையைக் கட்டிப் பார்ப்பதே விடை காணும் வழியாயிற்று.

1994ஆம் ஆண்டில், பருவக்காற்று வீசிய வேளையில், அகழ்ந்து கண்ட அளவுகளின்படி புதிய உலைகள் அதே மலைச்சாரலிற் கட்டப்பட்டன. அவ்விடத்துக் களிமண்ணும் அவ்விடத்து இரும்புக்கல்லும் மரக்கரியும் பயன்பட்டன. உலையுள் தீ இடப்பட்டது; துருத்தி வைக்கப்படவில்லை. காற்று எழுந்தது, குழல்வாய்களில் தணல் வெண்மையாய் ஒளிர்ந்தது. முன்சுவரை உடைத்து நோக்கியபோது இரும்பு விளைந்திருந்தது. அதனை ஆராய்ந்தபோது வேறொரு வியப்பும் காத்திருந்தது. விளைந்தவற்றுள் காபன் மிகுந்த உருக்கும் இருந்தது.

இதன் இயக்கம் யாது என்பதும் அப்பரிசோதனைகளால் வெளியாயிற்று. குன்றின் சரிவில் ஏறிவரும் காற்று முன்சுவரில் மோதுகின்றது. அதன் ஒருபகுதி சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி விரைந்து செல்கின்றது. அவ்வாறு செல்லும்போது சுவருக்குப் பின்னே, தணலின் மேலே, காற்றின் அழுத்தம் குறைகின்றது. வெளியே அழுத்தம் மிகுதி, உள்ளே குறைவு. அவ்வேறுபாட்டினால் குழல்களின் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. விமானத்தின் இறகு மேலெழுவதற்குத் துணைசெய்யும் அழுத்த வேறுபாடும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. காற்றை உலைக்குள் தள்ளுவது துருத்தி. புகைபோக்கியின் வெப்பத்தால் இழுப்பது மற்றொரு வகை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்றைச் சமனலவெவ மக்கள் கண்டிருந்தனர். முன்சுவர் அவர்களுக்கு உலையின் சுவராகவும் துருத்தியாகவும் ஒருங்கே அமைந்தது.

இம்முடிவுகளை 1996ஆம் ஆண்டு சனவரியில் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழில் ஜுலெவ் வெளியிட்டார். 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தினர், அவ்வுலையுட் காற்றுச் செல்லும் வழியைக் கணினியின் துணையாற் கணித்து வெளியிட்ட ஆய்வும் இவ்விளக்கத்துக்கு அரண் செய்தது.

உருக்கு விளைந்தது ஏன் பெரிதாகக் கருதப்பட்டது என்பதையும் அறிதல் நன்று. தூய இரும்பு மென்மையானது. அதனாற் செய்த வாளின் வாய் எளிதில் மழுங்கும். இரும்பில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் காபன் கலந்தால் அது உருக்காகின்றது. உருக்கைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கூர் நிலைக்கும். கரியுலைகள் பொதுவாக மெல்லிரும்பையே தந்தன. அதனை உருக்காக்க இரண்டாவது முறையாகச் சூடேற்ற வேண்டும். குமாரசுவாமி கண்டு எழுதிய முறை அத்தகையது. மெல்லிரும்புத் துண்டுகளை ஆவரை மரத்தின் சிறு சீவல்களோடு களிமண் குழாயிலிட்டு, வாயை மூடி, கரித்தணலிற் காய்ச்சினர். மரத்தின் காபன் இரும்பிற் கலந்து, இரும்பு உருகி, உருக்குக் கட்டியாய் உறைந்தது. சமனலவெவ உலையோ இவ்விரண்டாவது வேலையின்றியே உருக்கைத் தரவல்லதாயிருந்தது.

தமிழில் உருக்கு என்றும் கன்னடத்தில் உக்கு என்றும் வழங்கும் சொல்லே, ஐரோப்பியர் நாவில் வூட்ஸ் எனத் திரிந்தது என்று மொழியறிஞர் கூறுவர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்த உருக்கு அரபு நாடுகளிற் பெருமதிப்புப் பெற்றிருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் பேரறிஞர் வாள்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீப் உருக்கையும் ஒரு வகையாகக் குறித்தார். சரந்தீப் என்பது அரபு மக்கள் இலங்கைக்கு வழங்கிய பெயர். அவர் எழுதிய அதே நூற்றாண்டில் சமனலவெவக் குன்றுகளில் உலைகள் எரிந்துகொண்டிருந்தன. அவ்வுலைகளின் உருக்கே பக்தாத் வரை சென்றது என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. ஆயினும் அல்கிந்தி குறித்த பெயருக்குப் பின்னால் உண்மையான ஒரு தொழில் இருந்தது என்பதற்கு அக்குன்றுகள் சான்று பகர்கின்றன.

11ஆம் நூற்றாண்டுக்குப் பின் காற்றுலைகள் மறைந்தன. துருத்தி உலைகள் ஊர்தோறும் சிறிய அளவில் நிலைத்து நின்றன. அவற்றையே நொக்ஸும் டேவியும் கண்டனர். பின்னர் அவற்றுக்கும் முடிவு நெருங்கிற்று. 1709ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோல்புறூக்டேல் என்னும் ஊரில் ஏபிரகாம் டாபி என்பவர் மரக்கரிக்குப் பதிலாகச் சுட்ட நிலக்கரியை ஊதுலையில் வெற்றியாகப் பயன்படுத்தினார். 1856ஆம் ஆண்டில் ஹென்றி பெசமர் என்பவர், உருகிய இரும்பினூடே காற்றைச் செலுத்தி உருக்காக்கும் முறையை வெளியிட்டார். இரும்பு மலிந்தது; கப்பல் கப்பலாய்க் கடல் கடந்து வந்தது. காட்டில் மரம் வெட்டி, கரி சுட்டு, கல் தோண்டி, உலை ஊதி ஒரு கட்டி இரும்பு எடுப்பவன், துறைமுகத்தில் வந்திறங்கிய இரும்புச் சலாகையின் விலையோடு எவ்வாறு போட்டியிடுவான்? கொல்லன் பட்டறையில் வேலை நிற்கவில்லை. இரும்பு மட்டும் அயல்நாட்டதாயிற்று. உலை வைத்தோர் மண்வெட்டி பிடித்தனர். குமாரசுவாமி கண்டது அத்தொழிலின் அந்தி வேளையை.

இன்றும் இலங்கையின் உருக்காலைகள் பழைய இரும்பையும் பிறநாட்டு வார்ப்புக்கட்டிகளையும் கொண்டே நடைபெறுகின்றன. பலாங்கொடைக் கல்லிலிருந்து இரும்பு எடுக்கும் உலை எங்கும் எரியவில்லை. இதனை எண்ணிப் பழைய உலைகளை மீண்டும் மூட்ட வேண்டும் என்று எவரும் கூறார். ஊதுலையின் ஆற்றலோடு அவை நிகராகா. அவற்றுக்கு வேண்டும் மரக்கரிக்குக் காடுகளும் ஈடுகொடா. இழப்பு இரும்பில் இல்லை, அறிவில் உள்ளது.

அக்குன்றுகளில் உழைத்தவர் பெயர் ஒன்றும் இன்று தெரியாது. குளங் கட்டிய மன்னர் பெயரை வமிசக் கதைகள் பாதுகாத்தன. விகாரைக்கு நிலம் அளித்தோர் பெயரைக் கல்வெட்டுகள் பாதுகாத்தன. அக்குளத்தை வெட்டிய மண்வெட்டிக்கும் அக்கல்வெட்டைப் பொறித்த உளிக்கும் இரும்பு தந்தவன் எங்கும் எழுதப்படவில்லை. காற்றின் போக்கையும் களிமண்ணின் இயல்பையும் தணலின் நிறத்தையும் அவன் அறிந்திருந்தான். அழுத்தம் என்னும் விஞ்ஞானச் சொல்லை அறியாமலே அழுத்த வேறுபாட்டை ஆண்டான். அவ்வறிவு தந்தையின் கையிலிருந்து மைந்தன் கைக்குச் சென்றது, ஏட்டில் ஏறவில்லை. கைகள் ஓய்ந்தபோது அறிவும் ஓய்ந்தது. உலையைக் கட்டி எரித்துப் பார்க்கும்வரை, அத்தகைய உலையால் நல்ல இரும்பு தர இயலாது என்று கற்றோர் சொல்லக்கூடிய நிலையும் வந்தது.

1992ஆம் ஆண்டில் சமனலவெவ அணை நிறைவுற்று, 120 மெகாவாற்று மின்சாரம் தரும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. பள்ளத்தாக்கில் நீர் ஏறிற்று. பழைய களங்கள் சில நீரின்கீழ்ப் போயின; மேட்டிலிருந்தவை பல நீருக்கு மேலே எஞ்சின. நிலத்தை மூடிய அத்திட்டமே அந்நிலத்தின் மறைந்த வரலாற்றை வெளிப்படுத்தியது என்பது விந்தையே. அணை எழாதிருந்தால் ஆய்வாளர் அங்கே சென்றிரார். ஆய்வாளர் சில ஆண்டுகள் பிந்தியிருந்தால், மூழ்கிய களங்கள் சொல்லவிருந்த செய்தியும் அவற்றோடு மூழ்கியிருக்கும்.

இலங்கையின் ஊர்கள் பலவற்றில் இன்றும் கிட்டக் கட்டிகள் உழவு சாலில் அகப்படுகின்றன. கருங்கல் என்று கருதி வரம்பில் எறியப்படும் அக்கட்டி, ஒருவேளை ஆயிரம் ஆண்டுப் பழமையான தொழிற்சாலையின் ஏடாக இருத்தல் கூடும். ஊரில் மூத்த கொல்லர், குயவர், சுண்ணாம்பு சுடுவோர் ஆகியோரின் கைகளிலும் இன்னும் எழுதப்படாத ஏடுகள் பல உள்ளன. அவற்றைக் கேட்டெழுதுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை; மதிப்பும் பொறுமையுமே வேண்டும். குமாரசுவாமி அதனைத்தான் செய்தார்.

ஆண்டுதோறும் வைகாசி கழியச் சோளகம் எழுகின்றது. சமனலவெவக் குன்றுகளின் மேற்கு முகத்தில் அது பழையபடியே மோதுகின்றது. அங்கே உலையில்லை, தணலில்லை, கீழே நீர்ப்பரப்பில் அலைகள் மட்டும் எழுகின்றன. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்ட மக்கள் போய்விட்டனர். அவர்தம் அறிவைச் சேர்த்துவைக்கும் காற்று மட்டும் இன்னும் வீசிக்கொண்டிருக்கின்றது. அதுவும் நெடுநாள் வீசும் என்பதற்கில்லை.